ஒரே ஆய்வேடு, ஒரே ஓட்டம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருக்கிற திரிகூடமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளைப் படிக்க ஆள் கிடையாது. ஆனால் அவற்றைச் சரிபார்க்க ஒரு மாடி முழுக்க ஆள் இருந்தது.

அந்த மாடிக்குக் குறுக்குக்குறிப்புக் கண்காணிப்புப் பிரிவு என்று பெயர். 'படம் இன்னதைக் காண்க', 'இன்ன சமன்பாட்டின்படி' என்று ஆய்வேட்டின் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் கைகாட்டிவிடும் அல்லவா? அந்தக் கை சரியான வீட்டைத்தான் காட்டுகிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. இதற்காகப் பிரிவுக்குத் தனி முத்திரை, தனி ஜெனரேட்டர், ஆயுத பூஜைக்குத் தனிப் பொரிகடலை எல்லாம் உண்டு. படிக்கட்டில் ஏறியதும் எதிரே தேக்குப் பலகையில் பித்தளை எழுத்தில் பதித்திருப்பார்கள்: 'ஒரே ஆய்வேடு, ஒரே ஓட்டம்'.

அச்சன்புதூர் இசக்கிச்செல்வி அந்தப் பலகைக்குக் கீழே முதன்முதலாக நின்றபோது அதை ஏதோ மாரத்தான் போட்டி விளம்பரம் என்றுதான் நினைத்தாள். பாவம், அதன் பொருள் தெரிந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாள்.

அவள் கணக்குக்காரி. தென்காசிக் கல்லூரி ஒன்றில் தற்காலிக ஆசிரியை. சிற்றாற்று மதகுகளில் தண்ணீர் எப்படிப் பிரிகிறது என்று ஆராய்ந்து, வெயிலிலும் மழையிலும் மதகு மதகாக நின்று அளந்து, முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதி முடித்திருந்தாள். ஜூலை முடிவதற்குள் பட்டம் கைக்கு வந்தால் கல்லூரி வேலை நிரந்தரம். வராவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பல்கலைக்கழகத்தில் அவள் பெயர்ப் பதிவும் அதே ஜூலையோடு காலாவதி. ஆக, அவளுக்கு உலகமே ஜூலையோடு முடிகிறது. அப்போது மே மாதம் பாதி போயிருந்தது.

கணிதத் துறையில் எல்லோரும் போல அவளும் லேடெக்ஸ் என்ற மென்பொருளில்தான் அச்சுக்கோத்திருந்தாள். அதில் படங்களுக்கு நாம் எண் போட வேண்டியதில்லை, பெயர் வைத்தால் போதும். அதற்கு லேபிள் என்று பெயர். ஒரு படத்துக்குத் 'தலைமதகு', இன்னொன்றுக்குச் 'சுழி', இன்னொன்றுக்குக் 'கடைமடை' என்று இசக்கிச்செல்வி பிள்ளைக்கு வைப்பதுபோல் பெயர் வைத்திருந்தாள். எழுதும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், சரியான எண்ணைக் கணினியே கொண்டுவந்து வைத்துவிடும்.

ஒரே ஒரு சங்கதி. எழுதிய கோப்பு அச்சுப் பக்கமாக வெளியே வர, அதைக் கணினியில் இரண்டு முறை ஓட்ட வேண்டும். புதிதாக வந்த தபால்காரர் முதல் நாள் தெருவைச் சுற்றி யார் எந்த வீடு என்று குறித்துக்கொண்டு, மறுநாள் கடிதம் கொடுக்கிற மாதிரிதான். முதல் ஓட்டத்தில் கணினி எல்லாப் பெயர்களின் முகவரியையும் ஒரு துணைக்கோப்பில் எழுதி வைக்கும். இரண்டாம் ஓட்டத்தில் அதைப் பார்த்து எண்களை நிரப்பும். முதல் ஓட்டத்தோடு நிறுத்தினால் எண் வர வேண்டிய இடத்திலெல்லாம் இரண்டு கேள்விக்குறி நிற்கும். இது அந்தத் தொழிலில் எல்.கே.ஜி. பாடம்.

பிரிவு எல்.கே.ஜி. படிக்கவில்லை.

ஓட்டம் என்பது அங்கே திருவிழா. புதன்கிழமை ராகு காலம் கழிந்ததும் நடக்கும். கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கும். விசையைத் தட்டுகிறவர் சொரிமுத்து. அவருக்குப் பதவியின் பெயரே 'ஓட்டுநர், நிலை இரண்டு'. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, துணைப் பதிவாளர் தாணுமாலயன் தலையசைத்த பிறகு, வலது கை ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். தட்டிய விரலை உடனே மடக்கிக்கொள்வார், தவறி இன்னொரு தட்டு விழுந்துவிடக் கூடாதே என்று.

இசக்கிச்செல்வியின் ஆய்வேடும் அப்படி ஓடியது. வெளியே வந்த பக்கத்தில் இப்படி இருந்தது: 'படம் ??-இல் கண்டபடி, சமன்பாடு ??-ஐயும் ??-ஐயும் சேர்த்துப் பார்த்தால் ?? நிறுவப்படுகிறது.'

"இன்னொரு தட்டு தட்டுங்க அண்ணாச்சி, எல்லாம் சரியா வந்துரும்" என்றாள்.

சொரிமுத்து காதைப் பொத்திக்கொண்டார். தாணுமாலயன் அவளைத் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், கோபப்படத் தெரியாது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வருத்தப்பட்டார்.

"என்னம்மா இது, பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறி! ஒண்ணு போட்டாலே சந்தேகம். நீங்க ரெண்டு ரெண்டாப் போட்டிருக்கீங்க. எழுதுன உங்களுக்கே இவ்வளவு சந்தேகம் இருந்தா, படிக்காத எங்களுக்கு எவ்வளவு இருக்கும்?"

"நான் போடல சார். ஒரே தடவ ஓட்டுனா அப்படித்தான் வரும். ரெண்டாந்தடவ..."

"இருங்க, இருங்க. முதல் தடவ ஒண்ணு வருது, ரெண்டாந்தடவ வேறொண்ணு வருதுன்னா அதுக்குப் பேர் ஆராய்ச்சியா, குலுக்கல் சீட்டா? அதுவும் போக, ரெண்டாவது வாய்ப்புக் குடுத்தா எல்லாருக்கும் சரியா வந்துருமே. எல்லாருக்கும் சரியா வந்துட்டா, பிரிவு எதுக்கு இருக்கு? நான் எதுக்கு இருக்கேன்?"

கடைசிக் கேள்வி நியாயமானதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்படியானால் எண்களைத் தானே கையால் தட்டச்சு செய்து தரட்டுமா என்று கேட்டாள். அது ஒன்பதாம் விதிப்படி மோசடி என்றார். லேபிள் வைக்காமல் எண் போடக் கூடாது. அப்படியானால் லேபிள் வைத்தவர்கள் என்னதான் செய்வது என்று கேட்டாள். அது பதினான்காம் விதியில் இருக்கிறது என்றார். பதினான்காம் விதி, 'ஒன்பதாம் விதியைக் காண்க' என்றது.

"அப்ப இதுவரைக்கும் இங்கன யாருமே பட்டம் வாங்கலையா சார்?"

"ஏன் வாங்காம? வருசா வருசம் வாங்குதாங்க. படம், சமன்பாடு, அட்டவணை ஒண்ணும் இருக்காது. 'முன்னாடி சொன்ன மாதிரி', 'பின்னாடி சொல்லப் போற மாதிரி' அப்படீன்னு அம்சமா எழுதியிருப்பாங்க. குறிப்பே இல்லன்னா குறை எங்கன இருந்து வரும்?"

படியிறங்கும்போது சொரிமுத்து பின்னாலேயே வந்து, ரகசியம் சொல்வதுபோல் சொன்னார். "எம்மா, ஒங்க நல்லதுக்குச் சொல்லுதேன். அந்தப் படத்த எல்லாம் தூக்கிருங்க. தண்ணி எப்படிப் போச்சுன்னு இப்ப யாரு கேட்டா?"

படத்தைத் தூக்கினால் ஆய்வேட்டில் மிஞ்சுவது அவள் பெயரும் நன்றியுரையும்தான். அவளுடைய நெறியாளர் எப்சிபா மேடம் மேல்முறையீடு எழுதிக் கொடுத்தார். எழுதும்போதே, "நான் எழுதித் தாரேன் செல்வி. ஆனா நம்பி இராத" என்றும் சொல்லிவிட்டார். நேர்மையான பெண்மணி.

மேல்முறையீட்டை விசாரிக்க ஓர் உயர்நிலைக் குழு உண்டு. தலைவர் பேராசிரியர் பரமேஸ்வரன், உறுப்பினர் முனைவர் ஆனந்தவள்ளி, அமைப்பாளர் தாணுமாலயனே. குழு வருடத்துக்கு ஒரு தரம்தான் கூடும். அதுவும் சாரல் விழுந்த பிறகு, குற்றாலத்தில், பல்கலைக்கழக விருந்தினர் இல்லத்தில். தரம் பற்றிய சிந்தனைக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த வருஷம் சாரல் பிந்திவிட்டது. ஜூன் முழுக்க மலையைப் பார்த்துப் பார்த்து இசக்கிச்செல்விக்குக் கழுத்து வலித்தது. ஜூலை பிறந்த பிறகுதான் மேகம் இறங்கி, காற்று திரும்பி, அருவியில் தண்ணீர் விழுந்தது. குழுவும் கூடியது.

கூடியது என்றால் அறையில் இல்லை. காலையில் அவள் விருந்தினர் இல்லத்துக்குப் போனபோது அங்கே காய்ந்துகொண்டிருந்த துண்டுகள் மட்டுமே இருந்தன. தலைவர் ஐந்தருவியில் இருக்கிறார் என்றார் வாசல் காவலாளி. போனாள். தலைமுதல் கால்வரை எண்ணெய் வழிய, மசாஜ்காரர் முதுகில் தாளம் போட, பலகையில் குப்புறப் படுத்திருந்தார் தலைவர்.

"சார், என் மேல்முறையீடு..."

"ஆனந்தவள்ளி மேடம் என்ன சொல்லுதாங்களோ, அதுதாம்மா என் கருத்து" என்றார் பலகையைப் பார்த்தபடி.

ஆனந்தவள்ளி மேடம் பேரருவியில் பெண்கள் பக்கம் இருந்தார். அருவி இரைச்சலில் கத்திக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டாள். "கன்வீனர் நோட்டுப் போடுவாருல்லா! அதுக்குக் கீழ நான் கையெழுத்து!" என்று அவரும் பதிலுக்குக் கத்தினார். அமைப்பாளர் தாணுமாலயன் பழைய குற்றாலத்துக்குப் போயிருந்தார். ஆட்டோ பிடித்துப் போனாள். தலை துவட்டிக்கொண்டிருந்தவர் அன்போடு சிரித்தார்.

"தலைவர் கருத்த மீறி நான் எப்படி நோட்டுப் போட முடியும்? அவர் என்ன நெனைக்காருன்னு கேட்டுட்டு வந்துருங்க."

கேட்க வந்த இடத்துக்கே திரும்பக் கைகாட்டிவிட்டார்கள். குளிக்காமலே முழுக்க நனைந்திருந்தாள் இசக்கிச்செல்வி. அழுகை வந்தது, அழுதாள். சாரலில் யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் மதியத்துக்கு மேல் அவளுக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. மலையில் மழை வலுத்து அருவிகளில் வெள்ளம் வந்துவிட்டது. போலீஸ் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றிச் சங்கிலி போட்டது. குளிக்க வழியில்லாமல் போன குழு, வேறு வேலை இல்லாத ஒரே காரணத்தால், சூடான வாழைக்காய் பஜ்ஜியோடு உண்மையாகவே கூட்டம் போட்டது. அவளையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

தலைவர் பரமேஸ்வரன் நீண்ட நேரம் பேசினார். பல்கலைக்கழகம் கால மாற்றத்துக்குக் காது கொடுக்காத நிறுவனம் இல்லை என்றார். இரண்டாம் ஓட்டத்துக்கு இதோ அனுமதி தருகிறேன் என்றார். இசக்கிச்செல்விக்கு அந்த எண்ணெய்க் காலிலேயே விழுந்து கும்பிடலாம்போல் இருந்தது.

"ஆனா ஒரு நிபந்தனை" என்றார். "முதல் ஓட்டம் நடந்த கம்ப்யூட்டர்ல இரண்டாவது ஓட்டம் நடக்கக் கூடாது. வேற கம்ப்யூட்டர், வேற ரூம், வேற ஓட்டுநர். முதல் ஓட்டத்துல உண்டான துணைக்கோப்ப எல்லாம் அழிச்சிரணும். ஒரு கண் பார்த்ததை மறு கண் பார்க்கக் கூடாது. அதுதான் நடுநிலை."

அவள் குறுக்கே பேசினாள். "சார், அந்தத் துணைக்கோப்பப் பாத்துத்தான் சார் ரெண்டாவது ஓட்டம் நம்பரப் போடும். அத அழிச்சிட்டா ரெண்டாவது ஓட்டமும் முதல் ஓட்டந்தான சார்?"

ஆனந்தவள்ளி மேடம் பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

"அதாவது, முதல்ல எழுதுனதப் பாத்து ரெண்டாவது எழுதணும்ங்குதீங்களா?" என்று தலைவர் நிதானமாகக் கேட்டார். "அதுக்கு எங்க காலத்துல காப்பியடிக்கதுன்னு பேரு."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமியே வரத்தை வலது கையால் கொடுத்து இடது கையால் பிடுங்கிக்கொண்டது.

அடுத்த புதன்கிழமை, வேறு அறையில், புதுச் சந்தனம் வைத்த வேறு கணினியில், வேறு ஓட்டுநர் ஒரே தட்டுத் தட்டினார். அதே கேள்விக்குறிகள், அதே இடங்களில், ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. இரண்டு பிரதிகளையும் ஒளியில் பிடித்து ஒப்பிட்ட தாணுமாலயனின் முகம் மலர்ந்தது. பிரிவு முழுக்க மிக்சர் கொடுத்தார்கள். இசக்கிச்செல்வி கையிலும் ஒரு பொட்டலம் வந்தது.

"பாத்தீங்களா! ரெண்டாந்தடவ ஓட்டுனா மாறும்னு சொன்னீங்க. ஒரு புள்ளி மாறலையே! இனிமே இது சந்தேகம் இல்லம்மா. ஊர்ஜிதமான சந்தேகம். இத ஏத்துக்க விதியில இடமிருக்கு."

அவளால் நம்ப முடியவில்லை. "அப்ப வாய்மொழித் தேர்வு வச்சிருவீயளா சார்?"

"தாராளமா. ஜூலைக்குள்ள வச்சிருவோம். நீங்க வீட்டுல ஓட்டி எடுத்த கைப்பிரதிதான் இடிக்கு. அதுல எல்லா இடத்துலயும் நம்பர் இருக்கு. அங்கீகரிக்கப்பட்ட பிரதியோட ஒத்துப்போகலையே. அதை மட்டும் சரி பண்ணிக் கொண்டாந்துருங்க."

சரி பண்ணுவது என்றால் என்ன என்று அவளுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. தலையணைபோல் கனத்த அந்த ஆய்வேட்டில், அவள் சரியாகக் காட்டியிருந்த ஒவ்வோர் எண்ணையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறி வைக்க வேண்டும். துறையில் உட்கார்ந்து வைத்தாள். மதகு மதகாக நின்று கண்டுபிடித்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியாது, தெரியாது என்று தன் கையாலேயே எழுதுகிற மாதிரி இருந்தது. வெட்கமாக இருந்தது. எப்சிபா மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஆனாலும் வேலை என்று ஒன்று இருக்கிறதே. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்று கடைசிப் பக்கம்வரை போட்டு முடித்தாள்.

வாய்மொழித் தேர்வு ஜூலையின் கடைசி வெள்ளிக்கிழமை. கூடத்துக்கு வெளியே தாணுமாலயன் அவளை ஓரமாக அழைத்து, உண்மையான அக்கறையோடு புத்தி சொன்னார்.

"பதில் எல்லாம் அங்கீகரிக்கப்பட்ட பிரதியில உள்ளபடிதான் இருக்கணும், கேட்டீங்களா? அங்கன கேள்விக்குறி இருந்தா, நீங்களும் தெரியாதுன்னு சொல்லிருங்க. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. அரை மணி நேரம் தெரியாதுன்னு சொன்னா, ஆயுசு முழுக்க டாக்டர்."

புறத் தேர்வாளர் சண்முகநாதன் திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்தார். பிறப்பால் செங்கோட்டைக்காரர், திருவனந்தபுரத்திலேயே வெகுகாலம் பாடம் நடத்தியவர். அவரிடம் ஒரு பெரிய குறை இருந்தது. ஆய்வேட்டை முழுக்கப் படித்திருந்தார். பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒருவர் வந்ததில்லை என்பதால் அதை எதிர்கொள்ள விதி எதுவும் இல்லை.

"மூணாம் இயல்ல ஒரு படம் பத்திச் சொல்லுதீங்களே, ஏதாக்கும் அது?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

தாணுமாலயன் தலையசைத்தார். முன்வரிசையில் இருந்த பரமேஸ்வரன், "ஆய்வாளருக்கு நல்ல அடக்கம்" என்று பாராட்டினார்.

"இந்தச் சமன்பாடு?"

"தெரியாது சார்."

நாலைந்து கேள்வி இப்படியே போயிற்று. கூடத்தில் எல்லோருக்கும் திருப்தி. சண்முகநாதன் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நான்காம் இயலின் கடைசிப் பக்கத்தை விரித்து, மெதுவாகப் பேசினார்.

"மோளே, மதகை முழுக்கத் திறந்தா வாய்ல சுழி விழுந்து தண்ணி குறையுது, முக்காலுக்குத் திறந்தாத்தான் அதிகம் போகுதுன்னு எழுதியிருக்கீங்க. நான் கேள்விப்படாத விஷயமாக்கும். நெசமா இருந்தா பெரிய காரியம். ஆனா எந்தப் படத்தை வச்சு இதைச் சொல்லுதீங்கன்னு பார்த்தா, ரெண்டு கேள்விக்குறி இருக்கு. நான் தேடித் தேடிப் பார்த்துட்டேன். உங்களுக்கே தெரியலைன்னா, என்னை மன்னிக்கணும், நான் அறிக்கையில ஒப்புப் போட முடியாது."

இசக்கிச்செல்வி தாணுமாலயனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே, 'தெரியாதுன்னு சொல்லு, நான் பாத்துக்கிடுதேன்' என்றார். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தைப் பற்றி அவளிடம் ஒரு மனிதர் கேட்பது அதுவே முதல் தடவை.

"நாலு புள்ளி ஏழு சார்" என்றாள்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. எழுந்து கரும்பலகைக்குப் போனாள். சுழியை வரைந்தாள். காற்று எப்படி உள்ளே இழுபடுகிறது, தண்ணீர் எந்த இடத்தில் தயங்குகிறது, எந்தச் சமன்பாடு எதோடு சேர்கிறது என்று ஒவ்வோர் எண்ணையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் குறுக்கே கேட்டார், அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். "சபாஷ், சபாஷ்" என்று சண்முகநாதன் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். அந்தக் கொஞ்ச நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். ஜூலை மாதமே மறந்துபோனது. சண்முகநாதன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

வெண்ணெய் திரண்டு வந்தது. தாணுமாலயன் எழுந்தார்.

"மன்னிக்கணும் சார். ஒரு ஒழுங்குப் பிரச்சினை. ஆய்வாளர் இப்பச் சொன்ன எந்த நம்பரும் அங்கீகரிக்கப்பட்ட பிரதியில இல்ல. ரெண்டு ஓட்டம் ஓட்டியும் கிடைக்காத நம்பர் இவங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"அவங்க எழுதுன ஆய்வேடுல்லா அது?" என்றார் சண்முகநாதன்.

"அதத்தான் சார் நாங்களும் விசாரிக்கணும்."

சண்முகநாதன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் கோபப்பட்டு மலையாளத்திலும் சொன்னார். அதெல்லாம் அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் 'தேர்வாளரும் கருத்துத் தெரிவித்தார்' என்று ஒரே வரியில் பதிவாகியிருக்கிறது. தாழி உடைந்துவிட்டது. அவளுக்கு வந்த உத்தரவு இது: 'ஆய்வாளர், தமக்குத் தெரியாது என அங்கீகரிக்கப்பட்ட வினாக்களுக்குச் சரியான விடை கூறியுள்ளார். இது குறித்த விசாரணையை உயர்நிலைக் குழு அடுத்த சாரலின்போது மேற்கொள்ளும்.'

ஜூலை முடிந்தது. கல்லூரி நாற்காலியில் வேறு ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவருடைய ஆய்வேட்டில் படமே கிடையாது. அச்சன்புதூர் வீட்டில் அப்பா வீரபாகு விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏட்டி, தெரியும்னு சொன்னதுக்கா?" என்று மட்டும் கேட்டார். பட்டாளத்தில் இருந்தவர், உத்தரவு என்றால் என்னவென்று தெரிந்தவர். அவருக்கே அது பிடிபடவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள், தன் ஆய்வேட்டையாவது திருப்பி வாங்கிக்கொள்வோம் என்று பிரிவுக்குப் போனாள். அது இப்போது தடயம், தர முடியாது என்றார்கள். தாணுமாலயன் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து நாற்காலி போட்டார், டீ சொன்னார். அவருக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு. மறுபடியும் புதுசாப் பதிவு பண்ணுங்க. உங்களுக்கு என்ன வயசா ஆயிட்டு?" என்றார். பிறகு குனிந்து, சொந்தப் பெண்ணுக்குச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா இந்தத் தடவயாவது, உங்களுக்குத் தெரியாத விஷயமாப் பாத்து எடுங்கம்மா."